இரண்டாவது பதிவு

பிப்ரவரி 11

அண்ணாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம், குறையொன்றுமில்லை. அங்கே குளிர் குறைந்ததா? அண்ணியின் முழங்கால் வலி தேவலையா?

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனைக் கையில் எடுத்தாலே மிளகு மடியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். ஐந்து வயதுக்கு அவளுக்கு எல்லாமே புரிகிறது. அவளை வைத்துக்கொண்டே அவள் வலிப்பைப் பற்றிப் பேச எனக்கு வாய் வருவதில்லை. அதனால் கண்ணாடிக் கடையில் மத்தியான இடைவேளையில், முதலாளி தலை சாய்த்திருக்கும் நேரம் பார்த்து, அவருடைய கம்ப்யூட்டரில் இதை அடிக்கிறேன்.

நீ ஏற்பாடு செய்த ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். ஆறு மணி நேர ரயில். நல்ல மனிதர்கள். ரத்தம் எடுத்தார்கள், விவரம் எழுதிக்கொண்டார்கள், உங்கள் கூட்டுப் பதிவுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

இங்கே எங்கள் டாக்டரம்மா வலிப்பு மருந்தைக் கால் மாத்திரை கூட்டியிருக்கிறார். இடது காது மெஷின் இறுக்கமாகிவிட்டது, புது அச்சு எடுத்தோம். அந்தக் காதில் கேட்கவில்லை என்று ஒரு வயதிலேயே கண்டுபிடித்ததால்தான் இவ்வளவு பேசுகிறாள் என்று டாக்டரம்மா மறுபடியும் சொன்னார். வீட்டில் அவள் பேச்சை நிறுத்த வழி கண்டுபிடித்தால் நல்லது என்கிறார் உன் மாப்பிள்ளை. லிஃப்ட் பழுது பார்க்கும் மனிதர், நாள் முழுக்க இருட்டுக் குழியில் வேலை செய்துவிட்டு வருகிறார், வீட்டில் கொஞ்சம் அமைதியை எதிர்பார்க்கிறார், கிடைப்பதில்லை.

நேற்று ஒருவர் புதுக் கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்தார். இதைப் போட்டால் தன் மனைவிக்கு வயதானது போலத் தெரிகிறதாம். மாற்றித் தரச் சொல்கிறார்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

மார்ச் 6

என் வாலு தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, அண்ணியின் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. நீ அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது எனக்குப் பெரிய நிம்மதி. அந்த நேரம் வாங்க ஒருவரிடம் நான் மூன்று மாதம் தொங்கினேன். வலிப்புக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் இடம் அது.

"உன் வேலைதான் என்னண்ணா, கம்ப்யூட்டருக்குக் காவலா?" என்று போன தடவை கேட்டாய். கிட்டத்தட்ட அதுதான். ஒன்பது நாடுகள், நாற்பது ஆஸ்பத்திரிகள். காரணம் தெரியாத நோயுள்ள குழந்தைகளின் விவரங்களை எல்லோரும் ஒரே இடத்தில் சேர்க்கிறார்கள். பெயர் வராது, ஊர் வராது, ஒரு எண் மட்டும். மரபணுவில் எந்த இடத்தில் என்ன மாறியிருக்கிறது, என்னென்ன தொந்தரவு, எந்த மருந்து கேட்டது, எது கேட்கவில்லை. ஒரு குழந்தையிடம் ஒரு மாற்றம் இருந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். உறவே இல்லாத இன்னொரு குழந்தையிடமும் அதே மாற்றமும் அதே தொந்தரவும் இருந்தால்தான் டாக்டர்கள் நம்புவார்கள். அப்புறம்தான் ஒருத்திக்குக் கேட்ட மருந்து மற்றவளுக்கும் கேட்குமா என்ற பேச்சே வரும். மிளகுக்கு நாம் காத்திருப்பது அந்த இரண்டாவது குழந்தைக்காகத்தான்.

இதில் என் பங்கு, ஒரே குழந்தை இரண்டு ஆஸ்பத்திரி வழியாக இரண்டு முறை வந்துவிடாமல் பார்ப்பது. நேற்றுக்கூட ஒன்றைப் பிடித்தேன். கம்ப்யூட்டர் ஜோடி கிடைத்துவிட்டதென்று துள்ளியது. பார்த்தால் ஒரே குழந்தை. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். விதிப்படி இரு ஆஸ்பத்திரிக்கும் எழுதிக் கேட்க வேண்டும், பதில் வர வாரக்கணக்காகும். சிலது பார்த்ததுமே தெரிந்துவிடும்.

மிளகின் பதிவு எது என்று நான் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. நீ அதைக் கேட்டு என்னைச் சங்கடப்படுத்தாதே.

ஒன்று மட்டும் சொல். அங்கே டாக்டர்களிடம் வாயைத் திறந்தாளா? வெள்ளைக் கோட்டைக் கண்டால் ஊமையாகிவிடுவாளே நம் ராணி.

அண்ணன்

ஜூன் 28

அண்ணாவுக்கு,

பதில் எழுத மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தால் நல்லதாக ஒன்றாவது சொல்ல வேண்டும் என்று தோன்றும், தள்ளிப் போட்டுவிடுவேன். உங்கள் இருவர் உடம்பும் நன்றாக இருக்கட்டும்.

நீ கேட்டாயே, இல்லை, அங்கே அவள் வாயைத் திறக்கவில்லை.

வலிப்பு முன்பு வாரத்துக்கு நாலைந்து முறை வந்தது, இப்போது தினமும் இரண்டு முறை வருகிறது. போன வாரம் பள்ளிக்கூடத்தில், வரிசையில் நிற்கும்போது விழுந்துவிட்டாள். நெற்றியில் மூன்று தையல். டீச்சர் நல்லவர்தான், ஆனால் "வீட்டிலேயே வெச்சுப் பாத்துக்கலாமேம்மா, எங்களுக்கும் பயமா இருக்கு" என்றார். கடையில் ஒருவருக்கு லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தேன், அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அது உடைந்தது கூட எனக்கு மறுநாள்தான் தெரியும்.

டாக்டரம்மா மருந்தை மறுபடியும் கூட்டியிருக்கிறார். கூட்டினால் இரண்டு நாள் குறைகிற மாதிரி இருக்கும், அப்புறம் முன்னைவிட மோசமாகிறது. "இது ஏன் இப்படிப் போகுதுன்னு எனக்கே பிடிபடலம்மா" என்று அவரே சொல்லிவிட்டார்.

மாதக் கடைசியில் உங்களிடமிருந்து டாக்டரம்மாவுக்கு மெயில் வருகிறது. பொருந்தும் பதிவு எதுவும் இல்லை. மார்ச்சில் இல்லை, ஏப்ரலில் இல்லை, மே மாதமும் இல்லை. அந்த ஒரு வரியை எழுதுகிறவர் யாரென்று தெரிந்தால் நாலு கேள்வி கேட்கலாம் என்றிருக்கிறது. கம்ப்யூட்டர்தான் எழுதுகிறது என்று சொல்லாதே, தெரியும்.

தங்கை

ஜூலை 9

தங்கைக்கு,

நெற்றித் தையல் ஆறியதா? படித்ததிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. அண்ணி அழுதுவிட்டாள். நாங்கள் இருக்கிற தூரத்தில் வேறென்ன செய்ய முடியும் என்று எனக்கும் தெரியவில்லை.

பொறு என்று சொன்னால் உனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சொல்கிறேன். மாதம் அறுநூறு, எழுநூறு புதுப் பதிவுகள் வருகின்றன. இரண்டாவது குழந்தை எங்கேயாவது இருப்பாள். அவளை எந்த ஊர் டாக்டர் எப்போது பதிவு செய்வார் என்பதுதான் கேள்வி. அவசரப்பட்டுத் தப்பான ஜோடி சேர்த்துவிட்டால் அதைவிட ஆபத்து வேறில்லை. ஒரே குழந்தையை இரண்டென்று நம்பி மருந்து மாற்றிய கதையெல்லாம் நடந்திருக்கிறது. அதற்குத்தான் எங்களை உட்கார வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் புரியாதது ஒன்று. அந்த வலிப்புப் பிரிவு ஆட்கள் உனக்கு ஒன்றுமே சொல்லவில்லையா? பார்த்து ஐந்து மாதமாகிறது. மருந்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடவா எழுதித் தரவில்லை? அவ்வளவு அலட்சியமான இடமில்லையே அது. நான் வேண்டுமானால் அங்கிருக்கும் என் ஆளிடம் கேட்கட்டுமா?

மாப்பிள்ளையைத் தெம்பாக இருக்கச் சொல்.

அண்ணன்

செப்டம்பர் 30

அண்ணா,

உடம்பு எப்படி, குளிர் எப்படி என்றெல்லாம் இன்று கேட்கப் போவதில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதையும் அழித்துவிடுவேன்.

நாங்கள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை.

டிக்கெட் எடுத்தேன், கிளம்பினேன், ஸ்டேஷனுக்கும் போனேன். அவருக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் மிளகும் மட்டும்தான். ரயில் வந்து நின்றபோது பிளாட்பாரத்திலேயே அவளுக்கு வந்துவிட்டது. பையிலிருந்த துணியை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தேன். சுற்றி முப்பது பேர் நின்று பார்த்தார்கள். ஒருவர் படம் எடுத்தார். அவள் கண் விழித்ததும், "அங்கேயும் ஊசி குத்துவாங்களாம்மா?" என்றாள். போன முறை இங்கே ரத்தம் எடுக்க ஏழு இடத்தில் குத்தினார்கள். ஆமாம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. ரயில் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னேன்.

நீ மூன்று மாதம் கெஞ்சி வாங்கிய நேரம். உன்னிடம் எந்த முகத்தோடு சொல்வது? அவர் அன்றைக்கே, "உங்க அண்ணன்கிட்ட உள்ளதைச் சொல்லிடு" என்றார். நாளைக்கு, நாளைக்கு என்று விட்டேன். நீ ஒவ்வொரு முறை கேட்கும்போதும் இன்னொரு பொய்யை வைத்துப் பூசி மெழுகினேன். அவர்கள் அலட்சியம் என்று நீ திட்டியபோது கூட வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

இப்போது சொல்வதற்குக் காரணம், டாக்டரம்மா அதே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார். இந்த முறை கட்டாயம் போவேன். மறுபடி நேரம் வாங்கித் தருவாயா? முதல் முறை போகிறவளாகத்தான் போக வேண்டும்.

திட்டுவதென்றால் திட்டிவிட்டு உடனே எழுது.

தங்கை

அக்டோபர் 9

அண்ணா,

ஒன்பது நாளாகிறது. போன் செய்தால் எடுக்கவில்லை. அண்ணியிடம் கேட்டால், "வேலைல ஏதோ பிரச்சினைம்மா, வீட்டுக்கு வந்தும் பேசமாட்டேங்கிறார்" என்கிறாள். என் மேல்தான் கோபம் என்று எனக்குத் தெரியாதா?

இரு. கோபமாகவே இரு. நான் செய்ததற்கு அது போதாது. ஆனால் அந்தக் கோபத்தை மிளகு மேல் காட்டாதே. நேற்று ஏழு முறை. ஏழாவது முறை விழித்த பிறகு அரை மணி நேரம் என்னை யாரென்றே தெரியாமல் பார்த்தாள். அவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார், வெளியே கேட்காது என்று நினைப்பு.

வருகிற திங்கட்கிழமை மருந்தை ஒரேயடியாக இரட்டிப்பாக்கப் போகிறார்கள். அதற்காக இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வார்களாம். செய்யலாமா வேண்டாமா என்று கேட்க எனக்கு உன்னை விட்டால் ஆளில்லை. ஒரு வரி போதும்.

தங்கை

அக்டோபர் 10

தங்கைக்கு,

உன் மேல் எனக்குக் கோபமில்லை. சத்தியமாக இல்லை.

மருந்தைக் கூட்டு, குறை என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் உன் டாக்டரம்மாவிடம் இப்படிச் சொல். திங்கட்கிழமை தொடுவதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை அவர் தன் கையாலேயே எங்கள் பதிவில் இன்னொரு முறை தேடிப் பார்க்கட்டும். மாதக் கடைசி மெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். சனிக்கிழமை தேடினால் பயனில்லை, ஞாயிறு.

ஏன் என்று இப்போது கேட்காதே. எனக்கு அதற்கு மேல் எழுத அனுமதியில்லை.

அண்ணன்

அக்டோபர் 21

அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும், நூறு வருடம் இருக்க வேண்டும். இரண்டாவது குழந்தை கிடைத்துவிட்டாள்.

ஞாயிறு மத்தியானம் டாக்டரம்மா வீட்டுக்கே போன் செய்தார். அதே இடத்தில் அதே மாற்றம், அதே மாதிரி வலிப்பு, பெண் குழந்தை, மிளகைவிட இருபது நாள் மூத்தவள். நாம் கொடுக்கும் இதே மருந்தை அவளுக்கும் கொடுத்திருக்கிறார்கள், அவளுக்கும் கூடிக்கொண்டே போயிருக்கிறது. மே மாதம் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தியிருக்கிறார்கள். இப்போது அவளுக்கு வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான். நோயோடு மருந்தும் சேர்ந்துகொண்டு படுத்தியிருக்கிறது அண்ணா. நாங்கள் திங்கட்கிழமை அதையே இரட்டிப்பாக்க இருந்தோம்.

அந்தக் குழந்தையின் டாக்டர்களோடு எங்கள் டாக்டரம்மா பேசினார். மருந்தைக் குறைக்க ஆரம்பித்து ஒரு வாரமாகிறது. நேற்று இரண்டு முறைதான் வந்தது. என்னால் நம்பவே முடியவில்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. திரையைப் பார்த்துக்கொண்டே டாக்டரம்மா சொன்னார், "இந்தப் பதிவு மார்ச் மூணாம் தேதியே வந்திருக்கும்மா. அப்புறம் எதுக்கு மாசா மாசம் இல்லை இல்லைன்னு சொன்னாங்க?" அனுப்பிய ஆஸ்பத்திரியின் பெயரும் சொன்னார். நான் போகாமல் விட்ட ஆஸ்பத்திரி அது.

கேட்காதே என்றாய். இப்போது கேட்கிறேன். மார்ச்சிலிருந்து அந்தக் குழந்தை எங்கே இருந்தாள்?

தங்கை

அக்டோபர் 24

தங்கைக்கு,

இரண்டுதான் வந்தது என்ற வரியை அண்ணிக்கு நாலு முறை படித்துக் காட்டினேன். இனி உன் கேள்விக்கு வருகிறேன். இப்போது எழுத அனுமதி வாங்கிவிட்டேன். உன் டாக்டரம்மாவுக்கும் அலுவலகத்திலிருந்து இதே விவரம் போகும்.

அவளை மறைத்து வைத்தது நான்தான்.

மிளகின் பதிவைப் பார்ப்பதில்லை என்று உனக்கு எழுதினேன். அது பொய். உன் டாக்டரம்மா அதை எங்களுக்கு அனுப்பிய முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டேன். வலிப்பு, இடது காது, பிறந்த மாதம், எந்த மாமனுக்குத் தெரியாது? சொல்லிவிட்டு விலகியிருக்க வேண்டும், வேறொருவர் பார்த்திருப்பார். நான் பார்த்துக்கொண்டால் நல்லது என்று நினைத்தேன். மார்ச் முதல் வாரம் நான் சொன்ன ஆஸ்பத்திரியிலிருந்தே ஒரு பதிவு வந்தது. அதே மாற்றம். நீ போய் வந்ததாக எழுதி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இது மிளகுதான் என்று முடிவு கட்டினேன். பிறந்த மாதம் ஒன்று தள்ளியிருந்தது, அடிக்கும்போது தவறியிருப்பார்கள் என்று விட்டேன். முழு மரபணு வரிசை எங்களிடம் வராது, சுருக்கம்தான் வரும், அதனால் வேறு வழியில் தெரிந்திருக்காது. இரு ஆஸ்பத்திரிக்கும் எழுதிக் கேட்டிருந்தால் ஒரு வரியில் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. காரணம் எழுதும் கட்டத்தில் உறுதி செய்யப்பட்டது என்று அடித்தேன்.

இதைக் கேள். அந்தப் பதிவில், பேச்சு இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. காது பரிசோதிக்கப்படவில்லை என்றும் இருந்தது. முகம் தெரியாத யார் பார்த்திருந்தாலும் அங்கேயே நின்றிருப்பார்கள். ஒருத்தி ஓயாமல் பேசுகிறாள், ஒருத்திக்குப் பேச்சே இல்லை, இது எப்படி ஒரே குழந்தை? எனக்குச் சந்தேகமே வரவில்லை. வெள்ளைக் கோட்டைக் கண்டு வாயை மூடிக்கொண்டாள், அவர்களும் ஊமை என்று எழுதிவிட்டார்கள் என்று சிரித்துக்கொண்டேன். அவளைத் தூக்கி வளர்த்தவன் என்பதால் செய்த தப்பு இது.

ஒன்றாக்கிய பதிவுக்கு அப்புறம் வரும் குறிப்புகள் அடியில் போய் உட்கார்ந்துவிடும், யாரும் திறப்பதில்லை. மருந்தை நிறுத்தியது பற்றி அந்த ஆஸ்பத்திரி ஜூனில் எழுதியது அங்கேதான் கிடந்தது. நீ தையலைப் பற்றி எழுதிய அதே மாதம். பொறு என்று நான் உனக்குப் பாடம் நடத்தியபோதும் அது அங்கேதான் இருந்தது.

உன் கடிதம் வந்த அன்றே எங்கள் தலைமை அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை விதிப்படி இரு ஆஸ்பத்திரியிலும் எழுத்தில் கேட்டுத்தான் பிரித்தார்கள், அதற்குத்தான் அத்தனை நாள். பிரிக்கும் வரை வெளியே பேசக்கூடாது. உன் போன் அடிக்கும், நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். எடுத்திருந்தால் சொல்லியிருப்பேன்.

என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை நடக்கிறது. நான் இதுவரை ஒன்றாக்கிய நானூற்றுப் பதினாறு பதிவுகளையும் இரண்டு பேர் உட்கார்ந்து முதலிலிருந்து பார்க்கிறார்கள். அதில் இன்னொன்று இப்படி இருந்துவிடக் கூடாதே என்ற நினைப்பு எழுந்தாலும் படுத்தாலும் விடவில்லை.

மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன்.

அண்ணன்

நவம்பர் 12

அண்ணாவுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அண்ணி சொன்னாள். மிளகுக்கு இந்த வாரம் முழுக்க மூன்றே முறைதான் வந்தது. பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

பத்தொன்பது நாள் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. முதல் தடவை படித்தபோது உன் முகத்திலேயே விழிக்கக் கூடாது என்று நினைத்தேன். நாலு மாதமாக என் மகளுக்கு வலிப்பை ஊட்டிவிட்ட மருந்தை நான் என் கையால் பொடித்துக் கரைத்துக் கொடுத்திருக்கிறேன். பொறு என்று நீ எழுதியதை அந்தக் கையால்தான் திறந்து படித்தேன். உன்னைத் திட்டித் தீர்த்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "உங்க அண்ணன் கேட்டாரே, வாயைத் திறந்தாளான்னு. அன்னிக்கு நீ என்ன பதில் எழுதின?" என்றார்.

நீயும் நானும் எப்படியாவது சமாதானமாகிவிடுவோம், உடன்பிறந்தவர்கள். நான் யோசிப்பது அந்த அம்மாவைப் பற்றி. அவள் ரயிலேறிப் போனவள். குழந்தையின் கையைப் பிடித்து ஊசி போட விட்டவள். கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னவள். அவளுக்கும் மாதாமாதம் இல்லை என்ற மெயில்தான் போயிருக்கிறது. மிளகின் பதிவு மார்ச்சிலேயே அவள் டாக்டர் கண்ணில் பட்டிருந்தால் அன்றே காதைப் பார்த்திருப்பார்கள். பேச்சு வர வேண்டிய வயதில் எட்டு மாதம் போய்விட்டது. அவள் யாரிடமும் பொய் சொல்லவில்லை அண்ணா.

டாக்டரம்மாவிடம் விசாரித்தேன். அந்தக் குடும்பத்துக்குத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லியிருக்கிறார்களாம். எனக்கு அது பொறுக்கவில்லை. இரு ஆஸ்பத்திரியிலும் சம்மதம் வாங்கி, பெயர் ஊர் எதுவும் இல்லாமல், அவர்கள் வழியாகவே அவளுக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். நான் போகாமலே போனேன் என்று சொன்னது, என் அண்ணன் அதை நம்பிச் செய்தது, இரண்டையும் எழுதிவிட்டேன். மிளகின் காதைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதினேன். உன்னைக் கேட்காமல் உன் விஷயத்தை எழுதியது தப்பென்றால் அந்தத் தப்பையும் சேர்த்துக்கொள்.

பதில் வந்தால் அனுப்புகிறேன். வராவிட்டாலும் அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

தங்கை

டிசம்பர் 15 (ஆஸ்பத்திரி வழியாக)

ஐந்து வயதுப் பெண்ணின் அம்மாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். உங்களைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மகளைக் கேட்கிறேன். அவள் நலமா?

உங்கள் கடிதம் கையில் கிடைத்து மூன்று வாரமாகிறது. என் கணவர் அதைக் கிழித்துப் போடச் சொன்னார். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. உங்கள் அண்ணன் மேல் அதைவிட அதிகம் இருக்கிறது. கோளாறு என்று சொல்லி முடித்த ஆஸ்பத்திரி மேலும் இருக்கிறது. நீங்கள் எழுதாமலிருந்தால் யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. அதற்காக நன்றி சொல்லவும் வரவில்லை. மன்னிப்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முடிந்தால்.

என் மகளுக்குக் காதைப் பார்த்தார்கள். இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் பாதி இருக்கிறது. இத்தனை நாள் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று நான் அவளை அடித்திருக்கிறேன். இதை என் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை.

மருந்தைக் குறைக்கும்போது நாலு வாரம் தூக்கம் கெடும். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை, வேறு ஏதோ வந்துவிட்டதென்று பயந்து செத்தோம். உங்கள் மகளும் தூங்காவிட்டால் பயப்படாதீர்கள், அதுவாகச் சரியாகும்.

செவ்வாய்க்கிழமை மெஷின் மாட்டினார்கள். மாட்டியதும் காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தவள், இன்னும் மாட்டும்போதெல்லாம் அழுகிறாள். சத்தம் அதிகமாக வைத்துவிட்டார்களா, வலிக்கிறதா, முதன்முதலாகக் கேட்பதால் வரும் பயமா, எனக்குத் தெரியவில்லை. டாக்டர்களுக்கும் தெரியவில்லை, இப்படி ஒரு குழந்தையை அவர்கள் பார்த்ததில்லையாம். உங்கள் மகள் அழுதாளா? எத்தனை நாள் அழுதாள்? கழற்றிவிட்டீர்களா, அழட்டும் என்று விட்டீர்களா? இதைக் கேட்க இந்த உலகத்தில் எனக்கு உங்களைத் தவிர வேறு ஆளில்லை.

இந்த முறை உள்ளதை எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

இன்னொரு அம்மா